ஆடிட்: கேட்பது என்று பொருள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளில் ‘ஆடிட்’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. “திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட்”, “போன ஆடிட்ல ரெண்டு என்.சி. விழுந்துச்சு”, “என்.சி.யை க்ளோஸ் பண்ணியாச்சா?” என்று அது நம் பேச்சோடு பேச்சாகக் கலந்துவிட்டது. (என்.சி. என்பது ‘நான்-கன்ஃபார்மிட்டி’, அதாவது ஆடிட்டில் பதிவாகும் குறை.) பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் எனக்கும் பல வருடங்கள் அது வெறும் தேதியாகத்தான் இருந்தது. அந்தத் தேதிக்குள் ரெஜிஸ்டர்களை நிரப்ப வேண்டும், தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்க வேண்டும். சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தபோதுதான், நாங்கள் செய்துகொண்டிருந்தது பாதி ஆடிட்தான் என்று தெரிந்தது.

லத்தீனில் ‘ஆடிரே’ என்றால் கேட்பது, அதாவது காதால் கேட்பது. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் இந்த வேரில் பிறந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பண்ணையின் வரவு செலவைப் பொறுப்பாளர் வாய்விட்டுச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டுச் சரிபார்ப்பார். அப்படிக் கேட்டவர்தான் ஆடிட்டர். அவர் கணக்குப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்ததெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம்.

இந்த இடத்தில் தமிழ் ஒரு படி முன்னால் நிற்கிறது. ‘கேள்’ என்ற ஒரே வினைக்கு வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். திருக்குறளில் ‘கேள்வி’ என்ற அதிகாரம் கேட்டு அறிவதைப் பற்றியது, வினா எழுப்புவதைப் பற்றியது அல்ல. சோழர் கல்வெட்டுகளில் ‘திருவாய்க்கேள்வி’ என்ற பதவி வருகிறது. மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டுப் பதிவுசெய்த அதிகாரி அவர். வினா எழுப்பிவிட்டு, வருகிற பதிலுக்குச் செவிகொடுப்பது வரை எல்லாமே ஒரு ‘கேள்’-க்குள் அடங்கிவிடுகிறது. ஆடிட் என்பதன் முழுப்பொருளும் இதுதான்.

ஆனால் நாம் புழங்கும் தமிழ்ச்சொல் கேள்வி இல்லை, தணிக்கை. பார்த்தால் ‘தணி’ என்ற வினையிலிருந்து பிறந்தது போலிருக்கும். கோபத்தைத் தணிப்பதற்கும் இதற்கும் உறவில்லை. தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் சோதனை, கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் விசாரணை. ஆராய்ந்து தெளிவாக்குவதைக் குறிக்கும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல், உருது வழியாக ஆட்சிமொழியில் புகுந்து தெற்கே வந்து, ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு உருவம் எடுத்தது. அப்புறம் தமிழில் அதற்கு இரண்டு வேலை சேர்ந்துகொண்டது. அரசுக் கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை, சினிமாவில் காட்சியை வெட்டுவதும் தணிக்கை. இந்த இரண்டாவது பொருள்தான் மனதில் முந்திக்கொண்டு நிற்கிறது. தணிக்கை என்றதும் கையில் கத்தரியோடு ஒருவர் வருகிறார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி எண்ணம் வந்தால் யாரும் எதையும் மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

இலங்கைத் தமிழில் ஆடிட்டுக்குக் ‘கணக்காய்வு’ என்று சொல்கிறார்கள். அங்கே ஆடிட்டர் ஜெனரல் ‘கணக்காய்வாளர் தலைமை அதிபதி’. அருமையான, துல்லியமான சொல். ஆனால் பணக்கணக்கோடு ஒட்டிப் பிறந்ததால் பெயிண்டுக்கு முன் பாகத்தை முக்கியெடுக்கும் பாஸ்பேட் தொட்டிக்கு முன்னால் அது பொருந்தவில்லை.

சரி, பெயிண்ட் ஷாப்புக்குள் எதற்கு இத்தனை ஆடிட்? அதற்குக் காரணம் ‘ஸ்பெஷல் ப்ராசஸ்’ என்ற இன்னொரு சொல். இதைச் ‘சிறப்புச் செயல்முறை’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இங்கே ஸ்பெஷல் என்பது உயர்வைச் சொல்லவில்லை. வேலை முடிந்தபின் பாகத்தைச் சோதித்து, அது சரியாக வந்ததா என்று முழுமையாகச் சொல்ல முடியாத செயல்முறை என்று பொருள். ஒரு பிராக்கெட்டின் துளையை அளந்தால் விட்டம் தெரிந்துவிடும். அதன் மேல் உள்ள பூச்சு அப்படியில்லை. தடிமனை மீட்டர் வைத்து மைக்ரானில் அளக்கலாம், ஆனால் அடியில் பாஸ்பேட் சரியாகப் படிந்ததா, அடுப்பில் பெயிண்ட் முழுதாக வெந்ததா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்தால் அந்தப் பாகம் அதோடு போயிற்று. 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரியில் விடாமல் தெளிக்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனையை 500 மணி நேரம் ஓட்டச் சொன்னால், முடிவு வர 21 நாள் ஆகும். அதற்குள் அந்த லாட்டில் இருந்த பாகங்கள் வண்டியில் ஏறிச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பாகத்தைப் பார்த்தால் போதாது, அதைச் செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். நான் இதற்குத் ‘தனிக்கவனச் செயல்முறை’ என்று சொல்லி வருகிறேன். ஏன் கவனம் வேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்லிலேயே ஒரு பிடி கிடைக்கிறது.

இந்தக் கவனத்தை எழுத்தில் வடித்ததுதான் சி.கியூ.ஐ.-12. அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனங்களான ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் சேர்ந்து 1982இல் தொடங்கிய ஏ.ஐ.ஏ.ஜி. என்ற அமைப்பு 2007இல் இதை வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. சி.கியூ.ஐ. வரிசையில் வெப்பச் செயல்முறைக்கு 9, முலாம் பூசுவதற்கு 11, பெயிண்ட், பவுடர், மின்னோட்டத்தால் படியும் ஈ.டி. போன்ற பூச்சுகளுக்கு 12. வாகனத் துறையின் பொதுத் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் கையில் இருந்தாலும், கஸ்டமர் தன் தனித் தேவைகளில் சி.கியூ.ஐ.-12 என்று எழுதியிருந்தால் அதையும் செய்தாக வேண்டும். வருடம் ஒரு முறையாவது நாமே நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்த ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியெல்லாம் ஆவணத்தையும் தொட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ‘ஜாப் ஆடிட்’டும் அதில் உண்டு. ஏதாவது ஒன்று ‘உடனடி நடவடிக்கை தேவை’ என்று பதிவானால், சந்தேகத்துக்குரிய சரக்கை அப்போதே தடுத்து நிறுத்த வேண்டும்.

இதன் பெயரில் ஆடிட் இல்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தலைப்பில் இருப்பது ‘அசெஸ்மென்ட்’. லத்தீனில் ‘அசிதேரே’ என்றால் பக்கத்தில் உட்காருவது. நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து துணைசெய்தவர், பின்னாளில் வரியை மதிப்பிட்டவர் என்று பொருள் நகர்ந்தது. தமிழில் ‘மதிப்பீடு’ என்கிறோம். மதித்தல் என்றால் அளவிடுவது, மரியாதை கொடுப்பதும் அதுவே. இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு வேறு தேட வேண்டாம். சி.கியூ.ஐ.-12 என்பது பூச்சுச் செயல்முறை மதிப்பீடு. நாமே செய்தால் தன்மதிப்பீடு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வந்த ஆடிட்டர் பாஸ்பேட் தொட்டியின் டைட்ரேஷன் ரெஜிஸ்டரை, அதாவது கரைசலில் அமிலம் எவ்வளவு என்று சோதித்து எழுதும் பதிவேட்டைப் புரட்டினார். ஒன்பது நாள், மூன்று ஷிஃப்ட், எல்லாக் கட்டத்திலும் டோட்டல் ஆசிட் 22 பாயிண்ட். ஒரே பேனா. எனக்கு அடிவயிறு கலங்கியது, அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். அவர் ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார். அங்கே நின்ற ஆபரேட்டர் அவரைவிட மூத்தவர்.

“அண்ணே, தொட்டி சரியா இருக்குன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

ஆபரேட்டர் பதில் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீஸிங் முடிந்து அலசி வந்த பாகம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்கியது. விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் உடைந்து முத்து முத்தாக நின்றது. “இந்த இடத்துல எண்ணெய் போகல சார். பாஸ்பேட் இங்க பிடிக்காது, பெயிண்ட் மேல நின்னாலும் ஆறு மாசத்துல துரு வரும். முத்து விடாம இறங்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “டைட்ரேஷன் பண்றதுக்கு லேப் வரைக்கும் போகணும் சார். லைனை விட்டுட்டுப் போக முடியாது. அதான் கடைசியில எழுதிடுறோம்” என்றார்.

எங்களிடம் அவர் ஒரு வருடமாகச் சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நாங்கள் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை. ஆடிட்டர் என்.சி. எழுதினார், ஆனால் ஆபரேட்டரின் மேல் எழுதவில்லை. அளக்கும் வசதி அளக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதினார். அடுத்த வாரம் தொட்டிக்குப் பக்கத்திலேயே சிறு மேசை, பியூரெட், பினால்ப்தலீன் புட்டி எல்லாம் வந்தன. தொட்டியிலிருந்து 10 மில்லி கரைசலை எடுத்து, பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, வெளிர் ரோஜா நிறம் நிலைக்கும்போது எத்தனை மில்லி ஆகியிருக்கிறதோ அதுதான் பாயிண்ட். முதல் நாள் வந்த அளவு 22 அல்ல, 17.

என்.சி.க்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமே. ‘இணக்கமின்மை’ என்று எழுதுகிறார்கள், தவறில்லை, ஆனால் பேச்சில் நாக்கு ஒத்துழைப்பதில்லை. நான் ‘விலகல்’ என்று பழக்கப்படுத்தி வருகிறேன். சொன்னதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள தூரம் என்று உடனே புரிந்துவிடுகிறது, மனிதர் மேல் பழியும் ஏறுவதில்லை. பூச்சு என்ற சொல்லில் எனக்குக் குறையே இல்லை. ஈ.டி. தொட்டியில் பெயிண்டை யாரும் கையால் பூசுவதில்லை, மின்னோட்டத்தால் தானே படிகிறது என்று சிலர் மறுப்பார்கள். அப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் மின்படிவுப் பூச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆடிட்டுக்கு என் முடிவு இது: வெளியிலிருந்து வந்து பார்ப்பதற்குத் தரத்தணிக்கை என்றே இருக்கட்டும். அரசு ஆவணத்திலும் பத்திரிகையிலும் வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. சினிமாவின் கத்தரியை மட்டும் அதிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் புழங்கினால் போதும். பட்டறைக்குள்ளே நாங்கள் தினம் செய்யும் சுற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். இப்போது நான் இருக்கும் இடத்தில் ‘ஆடிட் செக் ஷீட்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘கேட்க வேண்டியவை’ என்று அச்சடித்துத் தொட்டிகளுக்கு நடுவே மாட்டியிருக்கிறோம். அதன் முதல் வரி: “அலசிய பாகத்தில் தண்ணீர் முத்து விடுகிறதா?”