வளைந்து கொடுக்கும் கூண்டு

கல் குவாரி, செங்கல் சூளை, ரைஸ் மில் களம் என்று திருநெல்வேலிச் சீமையில் ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்ற, முன்னால் பக்கெட் வைத்த சின்ன அள்ளும் வண்டி நுழையாத இடம் குறைவு. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஆட்கள் கூப்பிடுவது பாப்கேட் என்றுதான். 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் வான்கோழிப் பண்ணையில் எரு அள்ளச் செய்த மூன்று சக்கர வண்டியிலிருந்து தொடங்கிய வம்சம் இது. 1960-ல் நாலாவது சக்கரம் வந்தது, 1962-ல் பாப்கேட் என்ற பெயர் வந்தது. முன்சக்கரம் திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் வலப்பக்கச் சக்கரங்கள் வேறு வேகத்திலும் ஓடுவதால் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். அதற்காகவே உடம்பைக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் வைத்தார்கள். கவிழ்வதற்கும் அந்த உடம்புதான் காரணம். கவிழும்போது ஆபரேட்டரைக் காக்கும் கூண்டு இல்லாத பழைய வண்டிக்கு ஒன்றை எப்படி வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

கணக்கு எளிது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.65 மீட்டர் என்றால், நிற்கிற வண்டி பக்கவாட்டில் சுமார் 43 டிகிரி சாய்ந்தால்தான் புரளும். பக்கெட்டில் பாரம் ஏற்றி மேலே தூக்கி அந்த மையம் 1 மீட்டருக்குப் போய்விட்டால் 31 டிகிரியே போதும். மழைக்கு ஊறிய கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு பக்கச் சக்கரங்கள் ஓரடி புதைந்தாலே 14 டிகிரி போய்விடுகிறது. ஓடும்போது வரும் குலுக்கலும் சட்டென்று திருப்புவதும் மீதியைத் தின்றுவிடும்.

பழைய வண்டிகள் பலவற்றில் ஆபரேட்டர் தலைக்கு மேலே ஒன்றும் இருக்காது, அல்லது வெயிலுக்காக நாலு குழாயில் நிறுத்திய தகரம் இருக்கும். உருளும் வண்டியிலிருந்து ஆளைக் காக்கும் கூண்டுக்கு உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 3471 என்ற தரம் உண்டு. அதன் சோதனையில் கூண்டைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள், மேலிருந்து அமுக்குவார்கள், முன்பின்னாகவும் தள்ளுவார்கள். மேலிருந்து வரும் சுமை வண்டி எடையைப் போல இரண்டு மடங்கு. பக்கவாட்டு விசை, 2,500 கிலோ வண்டிக்குக் குறைந்தது 15,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல்.

விசையைத் தாங்கினால் மட்டும் போதாது. பக்கவாட்டுத் தள்ளலில் கூண்டு இவ்வளவு ஆற்றலை விழுங்க வேண்டும் என்றும் அதே தரம் சொல்கிறது. இதே வண்டிக்கு அது சுமார் 2,200 ஜூல். ஆற்றல் என்பது விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. 15,000 நியூட்டனில் 2,200 ஜூலை விழுங்க, கூண்டின் தலை ஏறத்தாழ 15 செ.மீ. நகர வேண்டும். அப்படி நகர்ந்த பிறகும் ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் ஒரு குழாயும் நுழையக் கூடாது. எனவே நல்ல கூண்டு வளையும், ஆனால் கிழியாது, முறியாது. ‘அசையவே கூடாது’ என்று கனத்த இரும்பைப் போட்டு இறுக்கினால் அதே ஆற்றல் குறைந்த தூரத்தில் அடங்க வேண்டியிருக்கும். விசை ஏறும், ஏறிய விசை முழுவதும் வெல்டிங்கிலும் போல்டிலும் போய் உட்காரும்.

கூண்டு செய்யக் கடைக்குப் போனால் முதலில் கைக்கு வருவது நாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்க் குழாய். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரத்துக் குழாய் தண்ணீர் கொண்டுபோக உருவானது, அடிவாங்க அல்ல. கூர்மையாக வளைக்கும்போது நீளவாட்டு மூட்டு பிளந்துகொள்ளலாம், நாகப் பூச்சோடு வெல்டிங் வைத்தால் வரும் புகை காய்ச்சலைத் தரும். கட்டுமானத்துக்கென்றே வருகிற ஐ.எஸ். 4923 சதுரக் குழாயைத்தான் எடுக்க வேண்டும். 50 மி.மீ. சதுரம், 3 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு நாலரைக் கிலோ. 75 மி.மீ. சதுரம், 5 மி.மீ. கனம் என்றால் 11 கிலோ. எடை இரண்டரை மடங்குதான், வளைவைத் தாங்கும் வலுவோ மூன்றரை மடங்குக்கும் மேல். பிளேட் வாங்கும்போது ஐ.எஸ். 2062-ல் இ250 என்ற எண்ணோடு நின்றுவிடாமல், பின்னால் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும். ‘சி’ என்றிருந்தால் மைனஸ் 20 டிகிரியில் அடித்துச் சோதித்த இரும்பு. பாளையங்கோட்டை வெயிலில் மைனஸ் டிகிரி எதற்கு என்று தோன்றும். வேகமாக விழும் அடியும் குளிரைப் போலத்தான், இரும்பைக் கண்ணாடி மாதிரி உடையப் பார்க்கும். குளிரில் உடையாத இரும்பு திடீர் அடியிலும் வளைந்து கொடுக்கும்.

வெல்டிங் ராடுக்கும் இதே கதைதான். நம் பட்டறைகளில் கை பழகியது 6013. வழுவழுவென்று ஓடும், கோடு அழகாக விழும், ஆனால் அடிதாங்கும் சோதனை எதுவும் அதற்கு விதிக்கப்படவில்லை. 7018 மைனஸ் 30 டிகிரி வாக்கில் 27 ஜூல் தாங்க வேண்டிய ராடு, கூண்டுக்கு அதுதான். ஒரு கண்டிப்பு உண்டு: பாக்கெட் பிரித்து மேசையில் கிடந்த 7018 ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குற்றாலத்துச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்து ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து, வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் கீறல் விடும். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் முறை.

இவ்வளவு பார்த்துச் செய்த கூண்டும் பெரும்பாலும் தோற்பது காலில்தான். 15,000 நியூட்டன் ஒரு மீட்டர் உயரத்தில் தள்ளும்போது, கால்களுக்கு நடுவே 90 செ.மீ. இருந்தால், ஒரு பக்கக் கால்களை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை குறைந்தது 1.7 டன். மட்கார்டு தகட்டில் வைத்து வெல்டிங் போட்ட கால் பனையோலை கிழிகிற மாதிரி தகட்டோடு கிழிந்து வரும். கால் உட்கார வேண்டியது சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், கனத்த பகுதியில், 12 மி.மீ. அடித்தகட்டோடு. போல்ட் தலையில் அதன் வலுவைச் சொல்லும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும், எண் இல்லாத போல்ட் வேண்டாம். குழாயின் ஊடாகப் போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு ஸ்லீவ் (போல்டைச் சுற்றிய சிறு குழாய்) வைக்காவிட்டால் முறுக்க முறுக்கக் குழாய் நசுங்குமே தவிர போல்ட் இறுகாது. 8.8 தரத்து 16 மி.மீ. போல்டுக்கு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சுமார் 200 நியூட்டன் மீட்டர். பின்பக்கக் கீலில் கேபின் சாயும் மாடல்களில் அந்தக் கீலை மட்டும் நம்பக் கூடாது.

உண்மையைச் சொன்னால், அந்த மாடலுக்கென்று கம்பெனி செய்து சோதித்த கூண்டு கிடைக்குமென்றால் வேறெதையும் யோசிக்கக் கூடாது. வண்டியின் தகட்டில் பொறித்த எண்ணைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள். உடைத்து விற்கும் யார்டில் அதே மாடலின் கூண்டு கிடைத்தால் தர எண், வண்டி மாடல், தாங்கும் எடை மூன்றும் உள்ள லேபிள் இருக்கிறதா, கால்களில் வளைவோ கீறலோ உண்டா என்று பாருங்கள். கிடைக்கவே கிடைக்காத மாடல் என்றால், எடை மேடையில் பக்கெட்டும் டீசலும் ஆளுமாக வண்டியை நிறுத்தி, அந்த எடைக்கு ஒரு பொறியாளர் போட்ட வரைபடத்தின்படிதான் செய்ய வேண்டும். பட்டறையில் கண்ணளவாகச் செய்த கூண்டைத் தரம் பெற்ற கூண்டு என்று யாரும் சொல்ல முடியாது.

வேலைக்கு முன் சேஸிஸைக் கழுவி, பக்கெட்டைத் தூக்கும் ஆர்மின் இரும்பு முளைகள் உட்காரும் இடங்களில் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து வெள்ளை டெவலப்பர் தெளித்தால், கீறல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். கீறலைச் சரிசெய்யாமல் கூண்டு வைப்பது வீண். வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மாட்டவும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதைத் தின்றுவிடும். ஆர்மைத் தூக்கிவிட்டுக் கீழே குனிவதானால் தாங்குகட்டை போட்ட பிறகுதான்.

பாப்கேட்டில் கூண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆர்ம் இரண்டும் ஆபரேட்டரின் தோளை உரசுகிற மாதிரி ஏறி இறங்கும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்த தலைக்கு அதில் தப்பு வழி இல்லை. ஆகவே பக்கங்களில் கை நுழையாத வலை வேண்டும், ஆர்ம் முழுதும் ஏறி இறங்கும்போது எங்கும் அதில் உரசக் கூடாது. முன்வழியைப் பக்கெட் அடைத்துக்கொண்டால் வெளியே வர, பின்பக்கம் கழற்றக்கூடிய ஜன்னலும் வேண்டும்.

பெல்ட் இல்லாத கூண்டு ஆளைக் கொல்லும். உருளும் வண்டியில் உடம்பு வெளியே எறியப்பட்டால் அதன் மேல் வந்து விழுவது அந்தக் கூண்டின் விளிம்புதான். பெல்ட் சீட்டின் மெத்தையில் அல்ல, சீட்டைத் தாங்கும் இரும்பில் மாட்டியிருக்க வேண்டும்.

கூண்டு எடையும் ஏற்றும். 150 கிலோ கூண்டு 1.6 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்தால் முன் சொன்ன வண்டியின் மையம் 5 செ.மீ. மேலே போகும், 43 டிகிரி 40 ஆகும். பாரத்தைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது கனத்த பக்கம் மேலே இருக்கட்டும்: பக்கெட் காலி என்றால் பின்பக்கமாக, பாரம் இருந்தால் முன்பக்கமாக.

ஒருமுறை உருண்டு வளைந்த கூண்டை ஜாக்கி வைத்து நிமிர்த்தி மாட்டாதீர்கள். வளைந்தபோதே அந்த இரும்பு தன் நெகிழ்வைச் செலவழித்துவிட்டது. லைட்டும் ஃபேனும் மாட்டக் காலில் ஓட்டை போடவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. கிளாம்ப் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். 50 மணி நேரம் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வந்து பாருங்கள். கோடு ஒடிந்து விலகியிருக்கிற இடத்தில் போல்ட் தளர்ந்திருக்கிறது.