போன் கிராஃப்ட்: எலும்பு ஒட்டு

'ஹிப் சிஸ்ட், ஆர்த்ரோஸ்கோப்பிக் போன் கிராஃப்டிங்' என்று மருத்துவச் சீட்டில் வரும் ஒற்றை வரிக்குள் கிரேக்க வேர்கள் பல ஒளிந்திருக்கின்றன.

'ஆர்த்ரோன்' என்றால் மூட்டு, 'ஸ்கோப்பெய்ன்' என்றால் பார்த்தல். சிறு துளை வழியே கருவியை விட்டு மூட்டுக்குள் பார்ப்பதுதான் ஆர்த்ரோஸ்கோப்பி. தமிழில் மூட்டு உள்நோக்கல்; கருவி, மூட்டு உள்நோக்கி. நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் 1931-இல் இறந்தவர்களின் உடல்களில் இதைச் செய்துபார்த்து, இடுப்பு மூட்டின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கருவி நுழையாது என்று எழுதினார். இப்போதோ நோயாளியின் காலை இழுத்துப் பிடித்து, அந்த இடைவெளியைச் சில மில்லிமீட்டர் திறந்துவிடுகிறார்கள்.

'சிஸ்ட்' பை எனப் பொருள்படும் 'கிஸ்டிஸ்' என்பதிலிருந்து வந்தது. நாம் நீர்க்கட்டி என்கிறோம். கட்டி என்றதும் பலர் புற்றுநோய் வரைக்கும் போய்விடுகிறார்கள். இங்கே இருப்பதோ குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு கரைந்து விழுந்த பள்ளம். எக்ஸ்ரேயில் வெள்ளை விளிம்போடு கருவட்டமாகத் தெரியும். பெரும்பாலும் இதற்கு உண்மையான பைச்சுவர்கூடக் கிடையாது. அதனால் 'எலும்பு நீர்க்குழி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

'கிராஃப்ட்' தான் சுவையான சொல். எழுதுகோலைக் குறித்த 'கிராஃபியோன்' என்பது அதன் மூலம். ஒட்டுக்கட்டச் சீவிய குச்சி எழுத்தாணி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். கணக்கு நோட்டில் வரையும் கிராஃபும் இதே குடும்பம்தான்! தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்கு வந்தது ஆங்கிலத்தில் மட்டுமில்லை. ஒட்டுமாஞ்செடியின் 'ஒட்டு' தானே நம் எலும்பு ஒட்டிலும் இருக்கிறது.

ஆனால் ஒட்டுக்கிளை மரத்தில் கடைசிவரை தன் இயல்பு மாறாமல் வளரும். எலும்பு ஒட்டு அப்படியில்லை. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உள்நோக்கலுக்காக மூட்டுக்குள் பாய்ச்சும் நீரை நிறுத்திவிட்டு (இல்லாவிட்டால் வைக்கும் துகளை அடித்துக்கொண்டு போய்விடும்), குழாய் வழியாக எலும்புத் துகளைத் திணிக்கிறார்கள். அது நோயாளியின் இடுப்பெலும்பு விளிம்பில் எடுத்ததாகவோ, கொடையாளரிடம் பெற்றதாகவோ, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். சொந்த எலும்பு மெல்ல மெல்ல அதற்குள் வளர, வைத்த துகள் பெரும்பாலும் கரைந்துபோகும். மூட்டு ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்திருந்தால் குழியை மட்டும் அடைத்துப் பயனில்லை.

பொதுச் சொல்லாக 'எலும்பு ஒட்டு' இருக்கட்டும். இந்தச் சிகிச்சைக்கு மட்டும் 'உள்நோக்கி வழி எலும்பு நிரப்பல்' என்றால், கேட்பவருக்கு என்ன செய்கிறார்கள் என்பது உடனே பிடிபடும்.