தொட்டி ரோஜா குளிரில் ஏன் சாகிறது?

நவம்பர் பிறந்தால் டொராண்டோ வீட்டு வாசல்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ரோஜாச் செடிக்கு உச்சியிலிருந்து அடிவரை சாக்குத் துணி சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். கீழே தொட்டி வெறுமனே நிற்கும். பாதுகாப்பு முதலில் தேவைப்படுவது அந்தத் தொட்டிக்குத்தான்.

தண்டு குளிருக்குப் பழகிக்கொள்ளும். வேர் அந்த அளவுக்குப் பழகாது. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் தண்டின் செல்களில் சர்க்கரை சேர்கிறது. செல்சவ்வில் உள்ள கொழுப்பு, குளிரிலும் இறுகிப்போகாத வகைக்கு மாறுகிறது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில்தான் உருவாகும். அது செல்லுக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். உள்ளே மிஞ்சுவது செறிவான சர்க்கரைக் கரைசல். அது லேசில் உறையாது. செல் சுருங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். நீர் அளவுக்கு மீறிப் போய்விட்டாலோ, செல்லுக்குள்ளேயே பனி உருவானாலோ கதை முடிந்தது.

ஆகஸ்டுக்குப் பிறகு நைட்ரஜன் உரம் போடாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். உரம் கிடைத்தால் செடி இளந்தளிர் விடும். தளிருக்கு இந்தத் தயாரிப்புக்கெல்லாம் நேரம் இருக்காது.

நிலத்தில் வளரும் ரோஜாவின் வேருக்கு அவ்வளவு குளிர் வருவதே இல்லை. மேலே பனி மூடியிருந்தால், காற்று மைனஸ் 20 டிகிரியைத் தொடும் இரவிலும் ஒரு சாண் ஆழத்து மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். தொட்டியில் அப்படி இல்லை, நாலா பக்கமும் காற்று. போதாக்குறைக்கு, மெல்லிய இளவேர்கள் பெரும்பாலும் தொட்டிச் சுவரை ஒட்டித்தான் ஓடும். அதனால்தான் தொட்டியில் வைக்கும் செடி, ஊரின் குளிர் மண்டலத்தைவிட (குளிர்காலக் கடுமையை வைத்து ஊர்களைப் பிரிக்கும் வகை) இரண்டு மண்டலம் அதிகக் குளிரைத் தாங்குவதாக இருக்கட்டும் என்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி அது ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம்.

சரி, தொட்டிக்கும் பபிள் ராப் சுற்றிவிட்டால்? ஸ்வெட்டர் நமக்குக் கதகதப்பாக இருக்கிறதென்றால், உள்ளே ஓர் உடம்பு விடாமல் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. தொட்டிக்குள் அப்படி எதுவும் கிடையாது. போர்வை வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கடுங்குளிர் நாள்கணக்கில் நீடித்தால் உள்ளேயும் அதே குளிர் வந்துவிடும். எங்கிருந்தாவது சூடு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதைத் தருவது தரை. குழி தோண்டித் தொட்டியை விளிம்புவரை புதைத்துவிட்டால் சிறப்பு. முடியாதவர்கள் வீட்டுச் சுவரோரம் வெறுந்தரையில் வைத்து, சுற்றிலும் மேலேயும் காய்ந்த இலைகளைக் குவிக்கலாம். செங்கல் மேலோ பலகை மேலோ தூக்கி வைப்பது தரையின் சூட்டை வேண்டாமென்று சொல்வதற்குச் சமம். அப்புறம், பனி கொட்டினால் தட்டிவிட வேண்டாம். அதைவிட நல்ல போர்வை கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். ஈரம் இருந்தால் உறைந்துவிடும் என்று தொட்டியைக் காயப் போடுவார்கள். ஆனால் தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, ஒரு கிராமுக்கு 334 ஜூல். பெரிய தொட்டி ஒன்றின் மண்ணில் 11 லிட்டர் நீர் இருந்தால், அது முழுக்க உறைவதற்குள் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவரும். அந்த நீரில் பெரும்பகுதி உறையும்வரை மண் பூஜ்யத்தை விட்டு அதிகம் இறங்காது. காய்ந்த மண்ணுக்கு இந்த அவகாசம் இல்லை. ஆகவே உறைபனிக்காலம் தொடங்கும் முன் நன்றாக நீரூற்றி, வடியவிட்டு வையுங்கள். மண்தொட்டியில் மட்டும் எச்சரிக்கை தேவை: நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், தொட்டி வெடித்துவிடும்.

சூடேற்றாத கராஜ் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. இலை உதிர்ந்த செடிக்கு வெளிச்சம் வேண்டாம். மண் காய்ந்திருந்தால் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் போதும். ஹீட்டர் ஓடும் வரவேற்பறைக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். அங்கே செடி விழித்துக்கொண்டு வெளிறிய தளிர் விடும், வறண்ட காற்றில் சிலந்திப்பேன் மொய்க்கும்.

வசந்தத்தில் நகத்தால் தண்டின் தோலைச் சுரண்டிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் தண்டுக்கு உயிர் இருக்கிறது. வேருக்கும் உயிர் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. வேர் செத்த செடிகூட, தண்டில் மிச்சமிருக்கும் சேமிப்பைக் கொண்டு ஏப்ரலில் துளிர்க்கும். மே மாத வெயிலில் திடீரென்று துவண்டுவிடும். பலர் அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள்!

புதிதாக வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை, ஒட்டுக்கட்டாத, சொந்த வேரில் வளர்ந்த செடி. ஒட்டுச்செடியில் மேல்பகுதி செத்தால், அடியிலிருந்து வருவது, ஒட்டுக்கு வேராக அமைந்த வேர்ச்செடியின் காட்டு ரோஜாதான். ஒட்டாவாவில் தாவர ஆராய்ச்சியாளர் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா கனடியக் குளிருக்கென்றே உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 'சாம்ப்ளேன்' என்றொரு சிவப்பு ரோஜா உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும், தொட்டிக்குத் தோதானது. தண்டு மண்மட்டம்வரை கருகினாலும் வேர் பிழைத்திருந்தால் அதே சிவப்புப் பூ திரும்ப வரும்.