ஓடுபாதைக்கு முன்னால் நான்கு மஞ்சள் கோடுகள்

ஓடுபாதைக்குப் போய்வரும் இணைப்புப் பாதையான டாக்சிவே வழியாக ஊர்ந்து வரும் விமானம் ஓடுபாதைக்குள் நுழையுமுன், தரையில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். விமானம் வரும் பக்கம் இரண்டு முழுக் கோடுகள், ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடுகள். தரையிறங்கி வெளியே வரும் விமானம் விட்ட கோட்டுப் பக்கமிருந்து வருகிறது. அது நிற்காமல், வாலும் கோட்டைத் தாண்டும்வரை போய்விட வேண்டும். முழுக் கோட்டுப் பக்கமிருந்து வந்தால், டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) அனுமதிக்காமல் மூக்குகூட உள்ளே போகக்கூடாது. கருவி வழிகாட்டுதலில் தரையிறங்கும் பெரிய ஓடுபாதைகளில், நடுக்கோட்டிலிருந்து இந்த இடம் குறைந்தது 90 மீட்டர் தள்ளியிருக்கும்.

பெரிய நிலையங்களில் டாக்சிவே 'கிரவுண்ட்' எனப்படும் தரைக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு, ஓடுபாதை 'டவர்' பொறுப்பு, அலைவரிசையும் தனித்தனி. 'கோட்டருகே நில்' என்று சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'சரி' போதாது. பறவை விரட்டும் ஜீப்புக்கும் இதே விதிதான். ஜீப் உள்ளே இருக்கும்வரை, பல டவர்களில் மேசையில் ஓடுபாதைக்குரிய இடத்தில் ஒரு அடையாளச் சீட்டை வைத்துவிடுவார்கள். மறதி அவ்வளவு ஆபத்தானது: 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், ஓடுபாதையில் காத்திருந்த சிறு விமானத்தை மறந்து, அதே பாதையில் இன்னொன்றைத் தரையிறங்க அனுமதித்தார்கள். 35 பேர் இறந்தனர்.

கோட்டுக்குத் துணை, ஸ்டாப் பார் எனப்படும் சிவப்பு விளக்கு வரிசை. அனுமதி தந்ததும் கட்டுப்பாட்டாளர் சிவப்பை அணைப்பார்; அதற்கு அப்பால் பச்சை எரியும். வாயால் அனுமதி கிடைத்திருந்தாலும் எரியும் சிவப்பைத் தாண்டக்கூடாது. பழுதாகி அணையவில்லை என்றால் வேறு டாக்சிவேதான் நல்ல வழி.

டோக்கியோ ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று அந்த விளக்குகள் பராமரிப்பில் இருந்தன. கடலோரக் காவல்படை விமானத்துக்கு டவர் சொன்னது, 'நம்பர் ஒன், சி5 நிறுத்தக்கோடு வரை வா'. புறப்படும் வரிசையில் முதலிடம் என்பதுதான் அந்த 'நம்பர் ஒன்'; ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி அல்ல. விமானம் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் போய் நின்றது. சுமார் 40 வினாடியில், 379 பேருடன் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த அனைவரும் தப்பினார்கள். சிறிய விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். உள்ளே விமானம் இருப்பதைக் காட்ட, டவர் திரையில் ஓடுபாதையின் நிறம் ஒரு நிமிடத்துக்கு மேல் மாறியே இருந்தது. ஒலி எச்சரிக்கை இல்லை, யாரும் கவனிக்கவில்லை.

நெரிசலான நேரத்தில் கட்டுப்பாட்டாளரின் கண் அந்தத் திரையில்தான் இருக்கும் என்று நம்பி அமைப்பை வடிவமைப்பது தவறு என்பதே என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் சில பெரிய நிலையங்களில் ரேடாரும், விமானத்திலிருந்து அடையாளத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியும் தரும் தகவலை வைத்து, ஓடுபாதையில் பதித்த சிவப்பு விளக்குகள் தாமாகவே எரிகின்றன; எச்சரிக்கை நேராக விமானியின் கண்ணில் படும். ஆனால் அவை அணைந்திருப்பது அனுமதி ஆகாது. அனுமதி அங்கேயும் டவரின் குரலில்தான் வர வேண்டும்.