எல் இயெர்ரோ: அமைதியைத் தேடிப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

"கூட்டமே இல்லாத இடமாகப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பாலி, புக்கெட், மாலத்தீவு எல்லாம் பார்த்து முடித்தவர்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் நான் அவர்களில் சிலருக்குக் கனேரித் தீவுகளில் ஒன்றான எல் இயெர்ரோவைச் சொல்வேன். எல்லோருக்கும் சொல்வதில்லை. "எரிமலைதான் பார்க்கணும்னா நம்ம அந்தமான்லயே இருக்கே" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தமானில் எரிமலை இருக்கும் பேரன் (Barren) தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அங்கே இறங்கித் தங்க முடியாது. படகிலிருந்து பார்ப்பதோடு சரி.

கனேரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு எதிரே அட்லாண்டிக்கில் இருப்பவை. அவற்றில் மேற்கிலும் தெற்கிலும் கடைக்கோடியில் இருப்பது எல் இயெர்ரோ. பரப்பு ஏறக்குறைய 270 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பதினோராயிரம் சொச்சம். இந்தச் சின்ன இடத்துக்குள் 1,501 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது மால்பாசோ மலை. ஏற்காட்டை அப்படியே கடலுக்கு நடுவில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

தீவு இன்னும் கெடாமல் இருப்பதற்கு மக்களின் பொறுப்புணர்வும் ஒரு காரணம்தான். ஆனால் என் பார்வையில் பெரிய காரணங்கள் வேறு. படுத்துக்கிடக்க மணற்கடற்கரை என்று சொல்லும்படி அதிகம் இல்லை; கரை முழுக்கக் கறுப்பு லாவாப் பாறை. விமான நிலையத்தின் ஓடுதளம் 1,250 மீட்டர்தான். உல்லாசப் பயணிகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஜெட் விமானங்கள் அங்கே இறங்க வழியில்லை. கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் இந்தச் சங்கடங்கள் நாம் போனாலும் நமக்கு விலகி நிற்காது. அவற்றுக்கு இடம் விட்டுத் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் அங்கே நிம்மதி.

முதல் சிக்கல் டெனெரீஃபிலேயே தொடங்கும். எல் இயெர்ரோவுக்குப் போகப் பெரும்பாலோர் முதலில் டெனெரீஃப் தீவில் இறங்குவார்கள். அங்கே விமான நிலையம் இரண்டு: தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. ஐரோப்பிய நகரங்களிலிருந்து வரும் விமானங்கள் பல தெற்கில் இறங்கும். எல் இயெர்ரோவுக்குப் போகும் சிறிய ஏடிஆர் விமானங்கள் வடக்கிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரச் சாலைப் பயணம். கப்பலோ தெற்கே லாஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து. இணையத்தில் மலிவான டிக்கெட்டாகப் பார்த்துத் தனித்தனியாக எடுத்துவிட்டு, இரண்டு மணி நேர இடைவெளியில் மாறிவிடலாம் என்று நம்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். வடக்கு நிலையம் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூடுபனி அங்கே சகஜம். இந்தப் பக்கம் எல் இயெர்ரோவில் குறுக்குக்காற்று பலமாக வீசினால் விமானம் தாமதமாகும், சில நாள் ரத்தாகும். கப்பலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் நிச்சயமில்லை.

ஆகவே நான் போடும் கணக்கு இது: போகும்போது ஒரு இரவு டெனெரீஃபில் தங்கல். திரும்பும்போது ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே, முடிந்தால் அதற்கும் முந்தைய நாளே, எல் இயெர்ரோவைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். "அந்த ஒரு நாள் வேஸ்ட்தானே?" என்பார்கள். வேஸ்ட் இல்லை, தினமும் காலையில் வானிலைச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பதறாமல் இருப்பதற்கான கட்டணம் அது.

தீவில் பேருந்து உண்டு. நாளுக்குச் சில நடைதான். கார் வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையில் ஓட்டுவது வலப்பக்கம். அங்கே கியர் வண்டிதான் அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், போய்க் கேட்டால் கிடைக்காது. கொண்டை ஊசி வளைவுகளைவிட மேட்டுப் பகுதியில் இறங்கும் மேகத்துக்குத்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். கரையில் வெயில் கொளுத்தும். அரை மணி ஓட்டிக்கொண்டு மேலே போனால் பத்தடி முன்னால் என்ன என்று தெரியாது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மேகத்தைத் திட்டவும் மனம் வராது. ஆறு என்று எதுவும் இல்லாத தீவு இது. பிம்பாச்சே என்ற பூர்வகுடிகள், கரோயே என்ற மரத்தின் இலைகளில் படிந்து சொட்டும் மேக நீரைக் குழிகளில் தேக்கிக் குடித்திருக்கிறார்கள். அந்த மரம் 1610இல் புயலில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பிறகு நட்ட மரத்தையும் குழிகளையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

குளிக்கும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணற்கரை இல்லாத குறையைத் தீர்ப்பது லாவாப் பாறைகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த கடல்நீர்க் குளங்கள். லா மசேதா, சார்கோ அசூல் என்று படத்தில் பார்த்தால் நீச்சல்குளம் மாதிரியே இருக்கும். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சிமென்ட் திண்ணை எல்லாம் உண்டு. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அந்தப் பக்கம் வடமேற்கு அட்லாண்டிக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் வந்து சேரும். பெரிய அலைகள் தொடர்ந்து வருவதில்லை. நாலைந்து சேர்ந்தாற்போல வரும், பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அந்த இடைவெளியில் வந்து சேர்கிறவருக்குக் குளம் பால்போல் கிடப்பதாகத் தோன்றும்.

அதனால் போனதும் துணியை மாற்றாதீர்கள். மேலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் பாருங்கள். பாறையில் எதுவரைக்கும் ஈரமாகக் கறுத்திருக்கிறது என்று கவனியுங்கள். கடைசியாக வந்த பெரிய அலை அதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பொருள். குளத்தின் வெளித்திண்ணையும் படியும் அந்த ஈரத்துக்குள் இருந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது. கடலுக்கு முதுகைக் காட்டித் திண்ணையில் நின்று செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது. ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், வெறுங்காலை லாவா கிழிக்கும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்காமல் கடலுக்கென்று இருக்கும் ஷூ ஒன்று வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

தெற்கே லா ரெஸ்திங்கா கிராமத்தை ஒட்டிய கடல் வேறு மாதிரி. காற்று படாத மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 1996 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. ஸ்கூபாவுக்கென்றே ஐரோப்பாவிலிருந்து வருகிறார்கள். இங்கே நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. டைவ் முடித்த கையோடு விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆனால் லா ரெஸ்திங்காவிலிருந்து தீவின் வேறு எந்த ஊருக்குப் போவதானாலும் மலையேறித்தான் போகவேண்டும். தலைநகர் வால்வெர்தேவுக்கோ ஃப்ரொன்டேராவுக்கோ போகும் சாலை சுமார் ஆயிரம் மீட்டரைத் தொடும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானம் என்றும் மலை என்றும் வித்தியாசம் தெரியாது. காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாகும். டைவ் செய்ய விருப்பம் உள்ளவர்களுக்கு நான் லா ரெஸ்திங்காவிலேயே அறை போட்டுவிடுவேன். காலையில் டைவ், மாலையில் மலை என்று திட்டம் கேட்டால் மறுத்துவிடுவேன்.

எரிமலை வெடிக்குமா என்பது தவறாமல் வரும் கேள்வி. 2011 ஜூலையிலிருந்து இந்தத் தீவு ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்களைக் கண்டது. அக்டோபர் 10 அன்று லா ரெஸ்திங்காவுக்குத் தெற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் கடலுக்கடியில் வெடிப்பு தொடங்கியது. கிராமத்தைக் காலி செய்தார்கள். பாறை சரியும் அச்சத்தில் ஃப்ரொன்டேராவுக்குப் போகும் சுரங்கச் சாலையையும் மூடினார்கள். புகையும் கற்கள் கடலில் மிதந்தன, மீன்கள் செத்து ஒதுங்கின. 2012 மார்ச்சில் அடங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, கடலும் மெல்ல மெல்ல மீண்டுவிட்டது. புதிதாகப் பிறந்த எரிமலைக்குத் தகோரோ என்று பெயர். பக்கத்துத் தீவான லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 முதல் 85 நாள் ஓடிய லாவா ஊர்களையே மூடியது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. எரிமலை முன்னறிவிப்பு தந்துதான் பெரும்பாலும் எழும். ஸ்பெயினின் தேசிய புவியியல் நிறுவனம் இரவு பகலாகக் கண்காணிக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிலை உண்டு. கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள். பச்சை என்றால் அதற்கப்புறம் கூகுளில் தேடிக்கொண்டே இருக்காதீர்கள்.

மருத்துவம்தான் நான் ஆள் பார்த்துச் சொல்வதற்குக் காரணம். வால்வெர்தேயில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ டெனெரீஃப் கொண்டுபோவார்கள். அண்மையில் இதயச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் இந்தத் தீவை இன்னொரு வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள், கைப்பையில். ஸ்பெயின் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் விசாவுக்காக எடுக்கும் மலிவான பாலிசிகளில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அவசர எண் 112.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. சைவம் என்று சொன்னாலும் சாலட்டில் டூனா வரும், கீரை சூப்பில் பன்றியிறைச்சித் துண்டு கிடக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். உப்பில் வெந்த சிறு உருளைக்கிழங்கும் மோஹோ என்ற காரச் சட்னியும் கைகொடுக்கும். ஆட்டுப்பால் சீஸ், அன்னாசி, கெசதியா என்ற சீஸ் பலகாரம் எல்லாம் நன்றாக இருக்கும். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இன்னும் வசதி. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

போக நல்ல காலம் செப்டம்பர், அக்டோபர். கடல் வெதுவெதுப்பாகவும் ஓரளவு அடங்கியும் இருக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் மாதா சிலையை மேற்குக் கோடியிலிருந்து ஆடிப்பாடி வால்வெர்தேவுக்குத் தூக்கி வரும் திருவிழா நடக்கும். 1745இலிருந்து வரும் வழக்கம். 2025இல் நடந்தது, அடுத்த முறை 2029. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அமைதி தேடுகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், அறையும் கிடைக்காது. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் பயணம் என்றால் ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்குங்கள். கோடையில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு.