'தகவலறிந்த ஒப்புதல்' வேணாம், 'தெளிந்த இசைவு'ன்னு எழுதுங்க

போன மாசம் எங்க பெரியம்மாவுக்கு பித்தப்பையில கல்லுன்னு புதுச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். நெல்லிக்குப்பத்துக்காரங்க, தமிழ் கடகடன்னு படிப்பாங்க. ஆப்ரேசனுக்கு மொத நாள் ராத்திரி சிஸ்டர் ஒரு பேப்பரை நீட்டுனாங்க, மேல கொட்டை எழுத்துல 'தகவலறிந்த ஒப்புதல் படிவம்'. பெரியம்மா அதைப் படிச்சிட்டு என்னைப் பாத்து "என்னா தகவல் தம்பி, யாருக்கு என்னா ஆச்சு"ன்னு பதறிட்டாங்க. சிஸ்டர் உடனே பேப்பரை என் பக்கம் திருப்பி "நீங்களே சைன் போட்டுடுங்க சார், அவங்களுக்குப் புரியாது"ன்னுட்டாங்க.

அவங்களுக்குப் புரியாம இல்ல. அந்த வார்த்தைக்கு நம்ம ஊர்ல என்ன அர்த்தமோ அதைச் சரியாத்தான் புரிஞ்சிக்கிட்டாங்க. கடலூர் பக்கம் ராத்திரி நேரத்துல "ஒரு தகவல்"னு ஆரம்பிச்சாலே சாவு சேதிதான். "எல்லாருக்கும் தகவல் சொல்லியாச்சா" எழவு வீட்டுல கேக்கற கேள்வி. பேப்பரைத் தொறந்தா "தகவலறிந்த போலீசார் சம்பவ இடத்துக்கு விரைந்தனர்". இந்த வார்த்தையைக் கொண்டுபோய் நாளைக்கு வயித்தைக் கிழிக்கப் போறவங்க கையில குடுத்தா அவங்க வேற என்ன நினைப்பாங்க?

இங்கிலீஷ்ல இது இன்ஃபார்ம்ட் கன்சென்ட், அதாவது சிகிச்சையைப் பத்தி டாக்டர் எல்லாத்தையும் சொல்லி, நோயாளி புரிஞ்சிக்கிட்டு சரின்னு சொல்றது. கன்சென்ட் லத்தீன்லேர்ந்து வந்தது, 'சேந்து உணர்றது'ன்னு பொருள். நம்ம 1872 ஒப்பந்தச் சட்டம் 13வது பிரிவும் அதையேதான் சொல்லுது, ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல ஒத்துக்கிட்டாத்தான் அது கன்சென்ட். இன்ஃபார்ம்ட்ங்கற அடைமொழி 1957ல கலிபோர்னியா நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணுல வந்து அப்புறம் உலகம் பூரா பரவுச்சு. வேர்ச்சொல் கதை இவ்ளோதான்.

இப்ப 'தகவலறிந்த' விஷயத்துக்கு வரேன். தகவலை அறியறது ஆளு, ஒப்புதல் எப்படி தகவலை அறியும்? சில படிவத்துல 'அறிவிக்கப்பட்ட ஒப்புதல்'னு வேற இருக்கு, அது மைக்குல அனவுன்ஸ் பண்ண ஒப்புதல்தான் ஆகும். இன்னும் சில பேர் 'அறிவார்ந்த ஒப்புதல்'ங்கறாங்க, அது இதைவிட ஆபத்து, ஏன்னா அறிவாளிக்குத்தான் ஒத்துக்கற உரிமை இருக்குன்ற மாதிரி ஆயிடுது. 2017 மனநலச் சட்டம் 4வது பிரிவைப் பாருங்க, ஒருத்தர் எடுத்த முடிவு மத்தவங்களுக்குத் தப்பாத் தெரியுதுங்கறதுக்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கத் திறன் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு இருக்கு. மனநோய் இருக்கறவங்களுக்கே அப்படின்னா, கரும்புக் கொல்லையில வேலை செஞ்ச கிழவிக்கு 'அறிவார்ந்த' பரீட்சை எதுக்கு?

அடுத்து ஒப்புதல். இதுலதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். ஒப்புதல் வாக்குமூலம்னா குத்தத்தை ஒத்துக்கறது. நிர்வாக ஒப்புதல்னா மேல இருக்கற ஆபீசர் ஃபைல்ல போடற கையெழுத்து. ஒப்புக்குச் சப்பாணின்னா சும்மா பேருக்குச் சேத்துக்கறது. மூணு வாடையும் அந்த வார்த்தையில ஒட்டியிருக்கு, படிவத்துல போடற கையெழுத்தும் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் நடக்குது. அனுமதின்னு போடலாமேன்னு ஒரு ஃப்ரெண்டு கேட்டாரு. ஆஸ்பத்திரியில அனுமதின்னா பெட்ல சேத்துக்கறது, 'அனுமதிப் படிவம்'னா அட்மிஷன் ஃபார்ம்னுதான் எவனும் நினைப்பான். சம்மதம் நல்ல சொல்லு, எல்லாருக்கும் தெரியும், வடமொழிங்கறதைத் தவிர எனக்கு அதுமேல சண்டை இல்ல. ஆனா இசைவுன்னு ஒரு சொந்தச் சொல்லு இருக்கே. 'அவரு இசைஞ்சு வந்தாரு'ன்னா யாரும் புடிச்சுத் தள்ளல, தானா மனசு பொருந்தி வந்தாருன்னுதான அர்த்தம். லத்தீன்காரன் சேந்து உணர்றதுன்னு சொன்னதும் இதுதான்.

அடைமொழிக்கு நான் சொல்றது 'தெளிந்த'. அன்னைக்கு ராத்திரி நான் சைன் போடமாட்டேன்னுட்டேன், டியூட்டி டாக்டர் வரட்டும்னேன். சின்னப் பொண்ணு, வந்து கட்டில்ல உக்காந்து அந்தப் பேப்பர் பின்னாடியே படம் போட்டுது. "இது கல்லீரல்மா, இது பித்தப்பை, நாலு ஓட்டை போட்டு எடுப்போம், உள்ள ரொம்ப ஒட்டியிருந்தா வயித்தைத் தொறக்க வேண்டி வரலாம், பித்தக் குழாயில அடிபடறது எப்பயாவது நடக்கும், பண்ணாம விட்டா திரும்பவும் வலி வரலாம், சீழ் புடிக்கலாம்"னு சொல்லுச்சு. பெரியம்மா ரெண்டு கேள்வி கேட்டாங்க, அப்புறம் "இப்பதான் தெளிவாச்சு, குடு பேனாவ"ன்னாங்க.

தண்ணி தெளியும், மனசு தெளியும், இசைவும் தெளியலாம், தமிழ் எங்கயும் இடிக்காது. அதோட ஆப்ரேசன் வாசல்ல நாம கேக்கற மொத கேள்வியே "மயக்கம் தெளிஞ்சுதா"தான. அப்ப புரிதலும் இதுல வந்துடுது, முடிவெடுக்கற நிலையில ஆளு இருக்காரான்றதும் வந்துடுது. போதையில புரியாம குடுத்த சம்மதம் சம்மதமில்லன்னு இந்திய தண்டனைச் சட்டம் 90வது பிரிவுல இருந்துச்சு, அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாலயும் இருக்கு. புதுச்சேரியில இன்னும் பிரெஞ்சு பேசற வீடு இருக்கு, அவங்களைக் கேளுங்க, பிரெஞ்சுல இதுக்கு 'கோன்சான்த்மான் எக்லெரே', வெளிச்சம் பட்ட இசைவு. அவங்களும் தகவல்னு சொல்லல பாருங்க.

மயக்கம் தெளியறதுல எவ்ளோ இருக்குன்னு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16ல குடுத்த தீர்ப்பைப் படிச்சாத் தெரியும். டெல்லியில ஒரு பெண்ணை என்னன்னு பாக்கறதுக்காக மட்டும் லேப்ராஸ்கோபி, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு வயித்துக்குள்ள பாக்கறது, பண்ண மயக்கம் குடுத்தாங்க, அவங்க மயக்கத்துல இருக்கும்போதே வெளிய நின்ன அம்மாகிட்ட கேட்டுட்டு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு அவசரம் எதுவும் இல்ல, வயசுக்கு வந்த சுயபுத்தியோட இருக்கற பொண்ணு, மயக்கம் தெளியற வரைக்கும் காத்திருந்து கேட்டிருக்கணும், அம்மா குடுத்தது செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. என்ன சிகிச்சை, எதுக்கு, என்ன நல்லது, வேற வழி என்ன, பெரிய ஆபத்து என்ன, பண்ணலன்னா என்ன ஆகும், இத்தனையும் சொல்லணும்னும் அதுலதான் இருக்கு. கூடவே அமெரிக்கக்காரன் இன்ஃபார்ம்ட் கன்சென்ட்டை விட இங்கிலாந்துல சொல்ற ரியல் கன்சென்ட்டை, அதாவது 'உண்மையான இசைவை'த்தான் நாம எடுத்துக்கறோம்னாங்க. ஆக நம்ம கோர்ட்டே இன்ஃபார்ம்ட்ங்கற வார்த்தையை அப்படியே புடிச்சுத் தொங்கல, மொழிபெயர்க்கறவங்க மட்டும் தகவலை விடமாட்டேங்கறாங்க.

ஆனா ஆப்ரேசனுக்கு முன்னாடி யார்கிட்ட எழுத்துல இசைவு வாங்கணும்னு டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதி 7.16 எப்படி எழுதியிருக்குன்னா, கணவனோ மனைவியோ, மைனரா இருந்தா பெத்தவங்களோ கார்டியனோ, இல்ல நோயாளியே. நோயாளி கடைசியில நிக்கறாரு. சிஸ்டர் பேப்பரை என் பக்கம் திருப்புனது அவங்க தப்பு மட்டும் இல்ல, மேலயே அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க.

இன்னொண்ணு, இதே படிவத்துல வர்ற கெப்பாசிட்டிங்கற வார்த்தைக்கு 'நோயாளியின் கொள்ளளவு'ன்னு மெஷின்ல போட்டு மொழிபெயர்த்ததையும் பாத்துட்டேன். கொள்ளளவு வீராணம் ஏரிக்கு. மனுசனுக்கு 'முடிவெடுக்கும் திறன்'. படிவம் அடிக்கறதுக்கு முன்னாடி வார்டுல இருக்கற ஒரு கிழவிகிட்ட படிச்சுக் காட்டுங்க, எந்த வரியில அவங்க முழிக்கறாங்களோ அந்த வரியை மாத்துங்க, ஒரு பத்து நிமிஷ வேலைதான.