கேஜ் 95 காட்டினால் ரிங்தான் காரணமா?

கடந்த சித்திரையில், மதுரை சிம்மக்கல் பக்கம் நண்பர் நடத்தும் பட்டறைக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. வண்டிக்காரர் ஒரு கல்லூரி மாணவர். இழுவை கூடவேண்டும் என்பதற்காக வேறோர் இடத்தில் போர்ட்டுகளை, அதாவது சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகளை, வெட்டி அகலப்படுத்தி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வாய் பெரிதான கார்புரேட்டர் ஒன்றை மாட்டியிருந்தார். மூன்றாவது கியரில் வண்டி பறந்தது; ஆனால் சிக்னலில் நின்றால் சில சமயம் அணைந்துவிடும், சில சமயம் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் உறுமிக்கொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் 95 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியது. பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் தடுக்கும் ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் போர்ட் வெட்டிய இடத்திலேயே புது ரிங் போட்டுத் தந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் கேஜில் அதே 95, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கும் நிலைக்கவில்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான இந்த எஞ்சினில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் தலா 50 மில்லிமீட்டர். அதனால்தான் கொள்ளளவு 98 சிசி. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளது போன்ற வால்வுகள் சிலிண்டர் தலையில் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. மேலேறும் பிஸ்டன் புகைப்போக்கித் திறப்பை முழுமையாகக் கடந்த பிறகுதான் காற்று உண்மையில் அடைபடுகிறது, அதுவரை ஏறிய தூரம் அழுத்தத்துக்குக் கணக்கில்லை. வேகத்துக்காக அந்தத் திறப்பின் மேல்விளிம்பை 2 மில்லிமீட்டர் உயர்த்தி வெட்டினால், அடைபடும் காற்றில் ஏறக்குறைய 4 சிசி குறைந்துவிடும். ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) புத்தம் புதிதாக இருந்தாலும் கேஜின் முள் பழைய இடத்துக்கு ஏறாது. வெட்டிய எஞ்சினைக் கம்பெனிக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பாதிக் குழப்பமும் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

அளக்கும் முறையிலும் பிழை நுழைவதுண்டு. எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி, முள் மேலும் ஏறாது நிற்கும் வரை கிக்கரை உதைக்கவேண்டும். திருகாமல் உதைத்தால் உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். இடமும் முக்கியம். மதுரையில் 120 காட்டும் வண்டியை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஓட்டிச் சென்று அங்கே அளந்தால் 93 அளவில்தான் காட்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்திருப்பதுதான் காரணம். மலையேறும்போது எந்த ரிங்கும் தேய்ந்துவிடவில்லை.

ரிங்கையும் போரையும் சந்தேகித்தால் ப்ளக் துளை வழியே எண்ணெய் விட்டு மறுபடி அளப்பது வழக்கம். எண் நன்றாக ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றி உள்ளது. ஏறாவிட்டால் சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இவ்வளவு சிறிய எஞ்சினில் கரண்டி கணக்கில் எண்ணெய் ஊற்றினால் எரியறையின் பெரும்பகுதியை அந்த எண்ணெயே அடைத்துக்கொண்டு, எண்ணைப் பொய்யாகத் தூக்கிக் காட்டிவிடும். சில துளிகள் போதும். திருமங்கலம் வண்டியில் சில துளிகளுக்குப் பிறகும் முள் அசையவில்லை என்றே சொல்லலாம். சிலிண்டரைக் கழற்றி, ரிங்கைப் போருக்குள் பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தபோதும் இடைவெளி சரியாகவே இருந்தது. திறப்பை அளவுக்கு மீறி அகலமாக வெட்டியிருந்தால் ரிங் அதற்குள் பிதுங்கி, விளிம்பில் மாட்டி ஒடியும். நல்லவேளையாக அந்தத் தடயமும் இல்லை.

ஆகவே மேல்பாதியில் குற்றமில்லை. பலர் மறந்துவிடுவது கீழ்பாதியைத்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அழுத்தம் இரண்டு இடங்களில் நிகழ்கிறது: பிஸ்டனுக்கு மேலே ஒன்று, கீழே கிராங்க் அறையில் இன்னொன்று. பிஸ்டன் ஏறும்போது கிராங்க் அறை காற்றையும் பெட்ரோலையும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் ரீட் வால்வு வழியாக உறிஞ்சுகிறது. இறங்கும்போது அவற்றை இலேசாக அழுத்திப் பக்கவாட்டு வழிகள் மூலம் மேலே அனுப்புகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் இருப்பதற்குக் கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்களே காவல். கம்ப்ரஷன் கேஜ் இந்த அறையைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது.

அதைச் சோதிக்க நண்பர் எடுத்துவந்தது மருத்துவர்கள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. கையில் கட்டும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சைலன்சர் இணையும் வாயைச் சைக்கிள் டியூப் துண்டாலும் தகட்டாலும் அடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் குழாயின் வாயில் ரப்பர் கார்க் ஒன்றைச் செருகி, கருவியின் குழலை அதன் வழியே நுழைத்தார். பல்பை அழுத்தி டயலை 300-க்குக் கொண்டுவந்தார். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கி வெளியே வந்துவிடக்கூடும். ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கக்கூடாது என்பது பட்டறைக் கணக்கு. இங்கே முள் பத்து விநாடிகளில் பாதிக்கு வந்துவிட்டது. சோப்பு நீரைத் தூரிகையால் தடவியபோது, பெரிய கார்புரேட்டருக்காகப் புதிதாகச் செய்து மாட்டியிருந்த அந்தக் குழாய் எஞ்சினோடு சேரும் விளிம்பில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தால் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் ஈரம் படிந்திருந்தது. அங்கே சீலின் உதடு கிழிந்திருந்தது.

வண்டியின் விசித்திர நடத்தைக்கு இப்போது விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சின் எடுத்துக்கொள்ளும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அப்போது ஓட்டை வழியே புகும் காற்று அதில் பெரும் பங்காகிவிடுவதால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகிறது, எஞ்சின் ஒன்று அணைகிறது அல்லது இறங்காமல் உறுமுகிறது. முழுவேகத்தில் அதே ஓட்டைக் காற்று மொத்தத்தில் சிறு பகுதியே என்பதால் இழுவையில் குறை தெரிவதில்லை. தெரியாவிட்டாலும் ஆபத்து அங்கேதான் மிகுதி: மேலூர் நான்குவழிச் சாலையில் வெயிலில் நீண்ட நேரம் விரட்டினால், பெட்ரோல் குறைந்த கலவையின் சூட்டில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சீஸ் ஆகிவிடும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் அடையாளம் வேறு; கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும்.

சீலை மாற்றி, குழாயின் முகத்தைக் கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கெட்டோடு நண்பர் பூட்டினார். ஃபில்டரும் திரும்ப வந்தது. நம் ஊர்ப் புழுதிக்கு ஃபில்டர் இல்லாத எஞ்சின் அதிக நாள் தாங்காது. ஐடிலிங் நிலைத்தது, ஆனால் பாலாக ஓடவில்லை. இடையிடையே ஒரு துடிப்பு தவறியது. திறப்புகளை உயர்த்திய எஞ்சினில் குறைந்த வேகத்தில் பழைய புகை முழுமையாக வெளியேறாமல் புதுக் கலவையோடு கலப்பதால் சில சுற்றுகளில் தீப்பிடிப்பதே இல்லை. அது எஞ்சினின் குணம். எந்த ஸ்குருவைத் திருப்பியும் அதை முழுதாக நீக்கமுடியாது.

மாணவர் மறுபடி கேஜைப் பார்த்தார். “அண்ணே, இன்னும் 95தானே காட்டுது? ஹெட்டைக் கடைசல்ல குடுத்துக் கொஞ்சம் குறைச்சா ஏறாதா?”

“ஏறும். அப்புறம் இந்த வெயிலுக்குக் கலவை தன்னால வெடிச்சு நாக்கிங் அடிச்சுப் பிஸ்டன்ல ஓட்டை விழும் தம்பி. போர்ட்டை அவ்வளவு உயரம் வெட்டின வண்டிக்கு 95தான் சரியான எண். ஆர்சி கவர்ல தேதி போட்டு எழுதி வையுங்க. என்னைக்காவது 80-க்கு இறங்குச்சுன்னா, அப்ப ரிங்கைப் பார்ப்போம்” என்றார் நண்பர்.